வரப்பில் ஒரு கறுப்புக் குடை

இது நடந்தது. என் கார் நம்பர் வேண்டுமானால் தருகிறேன். என்னோடு வந்த ஆளின் கடை விலாசத்தையும் தருகிறேன், போய் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். திருப்பனந்தாளுக்குப் பக்கம், மண்ணியாற்றங்கரை. அதோடு விட்டுவிடுங்கள். அந்த வீட்டில் ஒரு அம்மா இன்னும் தனியாக இருக்கிறார். உங்களில் சிலர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போய் வாசலில் நின்று செல்ஃபி எடுக்கிற ரகம் என்று எனக்குத் தெரியும்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. என் மனைவி வானதி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேய்க் கதை கேட்பாள். நடுவில் போய்த் தோளைத் தொட்டு அவளை அலறவைத்துச் சிரிப்பேன். "பேய்க்கு வேற வேலை இல்லையா, உன்னைத் தேடி தஞ்சாவூர் வரைக்கும் வருமா" என்பேன். இப்போது அந்தக் கேலியெல்லாம் அடங்கிவிட்டது.

என் பெயர் ராம்கி. ஜப்பானில், நாகோயாவில், ஒரு கார் உதிரிப்பாகக் கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தேன். இப்போது அதே வேலையைத் தஞ்சாவூரில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அங்கே இருந்தபோது ஒரு பைத்தியம் பிடித்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த இயற்கைக் காட்சிப் படங்கள். ஒருவர் வரைவார். இன்னொருவர் பலகையில் செதுக்குவார். ஒரு நிறத்துக்கு ஒரு பலகை. மூன்றாவது ஆள் பலகையில் மையைத் தடவி, காகிதத்தை வைத்து, அதன் முதுகில் ஒரு வட்டக் கட்டையால் தேய்த்துத் தேய்த்து அச்செடுப்பார். ஒரே காகிதம் இப்படி இருபது முப்பது தடவை பலகை ஏறி இறங்கும். மிஷின் கிடையாது.

முதல் படத்தை ஒரு பழைய புத்தகக் கடையில் பார்த்தேன். நீர் கட்டிய வயல். நடுவே வரப்பு. மழை. தூரத்தில் ஒரு வீட்டின் ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். அட, இது நம்ம திருவையாறு பக்கமாச்சே என்று கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். அன்று ஆரம்பித்தது. இப்போது என்னிடம் பதினோரு படங்கள் இருக்கின்றன, பாதிக்கு மேல் மழை. "இன்னொரு மழையா? இங்க பெய்யறது பத்தலையா?" என்று வானதி கேட்பாள்.

அந்தக் கார்த்திகையில் வானதிக்கு எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை எங்களுக்குத் தங்கவில்லை. இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில் போயிற்று. அதன் பிறகு பல வாரங்கள் அவள் யாருடனும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இந்தக் குழந்தையாவது எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. அவளை அதிகம் நடக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பட்டுக்கோட்டையிலிருந்து என் மாமியார் மறுநாள் காலை வந்து எங்களோடு தங்குவதாக ஏற்பாடு.

அன்று மத்தியானம் அஸார் பாயிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது.

அஸார் பாய்க்குக் கும்பகோணத்தில் பழைய சாமான் கடை. மலேயா போய் வந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டி, பீங்கான், நிலைக்கண்ணாடி என்று வாங்கி விற்பவர். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் மலேயாவில் இருந்திருக்கிறான், அவன் விட்டுப்போன படம் ஒன்றாவது நம் பக்கம் வந்திருக்கும், கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். நான்கு வருஷமாக ஒன்றும் வரவில்லை. இப்போது வந்தது.

புகை படிந்த கண்ணாடிச் சட்டம். உள்ளே வயல், வரப்பு, மழை.

போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "போயிட்டு ஆறு மணிக்குள்ள வந்துடறேன்" என்று வானதியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போகிற வழியில் கும்பகோணத்தில் அஸார் பாயை ஏற்றிக்கொண்டேன். வழி முழுக்க எனக்கு ஒரே கவலைதான். நம் ஆட்கள் எதையும் மைதாப் பசை போட்டு அட்டையில் ஒட்டிவிடுவார்கள். ஒட்டியிருந்தால் படம் போச்சு.

ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அந்த ஓட்டு வீடு. நாகம்மாள் என்கிற அம்மா கதவைத் திறந்தார். அறுபது வயது இருக்கும். திறந்தார் என்று சொல்வது தப்பு. கதவு சும்மா சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன.

கூடத்துச் சுவரில், வாசலைப் பார்த்த மாதிரி, படம் மாட்டியிருந்தது. அதன் கீழே தரையில் ஒரு தலைவாழை இலை. சோறு, குழம்பு, அப்பளம். சோற்றில் ஆவி பறந்தது.

"யாராச்சும் சாப்பிட உக்காந்திருந்தாங்களா? தொந்தரவு பண்ணிட்டோமோ?" என்றேன்.

"இல்லீங்க. பெரியவருக்குப் போட்டது."

பெரியவர் என்று அவர் சொன்னது அவருடைய மாமனாரின் அண்ணனை. பெயர் துரைராசு. இளவயதிலேயே மலேயாவுக்குத் தோட்டத்து வேலைக்குப் போனவர். யுத்தத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனபோது அவருக்கு வயது இருபத்தொன்று. யுத்தம் முடிந்தது. அவர் வரவில்லை. அவருடைய பெட்டியை மட்டும் கூட இருந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் சுருட்டி வைத்திருந்த படம் இது.

"அதுல குடை புடிச்சுக்கிட்டு ஒருத்தரு வர்றாரு பாருங்க. அதுதான் என் மவன், நடந்து வந்துக்கிட்டிருக்கான்னு அவரு அம்மா சொல்லிடுச்சு. காரியம் பண்ணவே விடல."

எட்டிப் பார்த்தேன். புகைக்குள் வரப்பின் மேல் கறுப்பாக ஒரு சின்ன உருவம் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லை.

"மாலை, பொட்டு ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"செத்தவங்களுக்குத்தானே அதெல்லாம்."

விலை என்ன என்று கேட்டேன். தலையை ஆட்டினார். விலை வேண்டாம் என்றார். நான் பழைய சாமான் வாங்குகிறவர்களோடு சுற்றுகிறவன். விலை வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரப்பைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. சும்மா கழட்டிக்கிட்டுப் போகக் கூடாது. கூப்புட்டு அழைச்சுக்கிட்டுப் போவணும்" என்றார்.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. குலதெய்வத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் பிடிமண் எடுத்து, எங்களோடு வாங்க என்று சொல்லித்தானே எடுப்போம். என் அப்பா அப்படி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஏதோ ஒரு மரியாதை என்று நினைத்தேன்.

"வாங்கய்யா, போவோம்" என்றேன்.

"அப்புடி இல்லீங்க. எந்த ஊரு, வீட்டுல யார் யாரு இருக்காங்க, எல்லாம் சொல்லிக் கூப்புடுங்க. அப்பதான் வருவாரு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் கையைக் கூப்பினேன். "தஞ்சாவூருக்கு நம்ம வீட்டுக்கு வாங்கய்யா. நான் ராம்கி. என் சம்சாரம் வானதி. அடுத்த மாசம் ஒரு கொழந்தை வரப்போவுது. வாங்க, வந்து எங்களோட இருங்க."

நாகம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"முழுகாம இருக்காங்களா?"

"ஆமாங்க. எட்டு மாசம்."

அவர் அஸார் பாயைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கடைசியில், "கூப்புட்டுட்டீங்க. போங்க, இருட்டறதுக்குள்ள போயிடுங்க" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை.

சட்டத்தைப் பின் சீட்டில் படுக்க வைத்தேன். மழை வலுத்துவிட்டது. காரைக் கிளப்பும்போது வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. டொக்… டொக்… டொக்…

"என்ன பாய் அது?"

அஸார் பாய் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "கதவுக்குத் தாழ்ப்பாள் அடிக்கிறாங்க" என்றார்.

புதுத் தாழ்ப்பாள். முன்னாலேயே வாங்கி வைத்திருக்கிறார். நாங்கள் வாசலை விட்டு இறங்குவதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் காரில் பீப்… பீப்… என்று ஆரம்பித்தது. பின் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்றால் வருகிற சத்தம். படத்தின் கனம், வேறென்ன. தேக்குச் சட்டம், கனமான கண்ணாடி. ஓரமாக நிறுத்தி, படத்தை எடுத்து டிக்கியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பீப்… பீப்… பீப்…

திரும்பிப் பார்த்தேன். பின் சீட் காலி.

"சென்சர்ல தண்ணி போயிருக்கும்" என்றேன். அஸார் பாயின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறார் என்று புரிந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. எத்தனை கிலோமீட்டர் இந்தச் சனியனைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவது? மறுபடி நிறுத்தி, இறங்கி, அந்தக் காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

சத்தம் நின்றது.

ஆனால் பெல்ட்டை மாட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். சீட் ஈரமாக இருந்தது. படத்தை எடுத்த இடம் மட்டும் இல்லை. முதுகு சாய்கிற இடமும் ஈரமாக இருந்தது.

சோழபுரம் வந்ததும், "இங்கேயே எறங்கிக்கிறேன் ராம்கி" என்றார் அஸார் பாய்.

"கடை கும்பகோணத்துல இருக்கு. இந்த மழையில இங்க எறங்கி என்ன பண்ணுவீங்க?"

"பஸ்ஸுல வந்துக்கிறேன்." கதவைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "படத்தை வீட்டுக்குள்ள கொண்டுபோவாதீங்க. கடையில கொண்டுவந்து வையுங்க, நாளைக்கிப் பாத்துக்கலாம்."

நான் கேட்கவில்லை. நான்கு வருஷம் காத்திருந்து கிடைத்த படம். அதைப் பழைய இரும்புக்கு நடுவில் ஒரு ராத்திரி போட்டுவைக்க எனக்கு மனது வரவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சொன்னதைவிடக் கொஞ்சம் தாமதம். நன்றாக இருட்டியிருந்தது. பின் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, டிக்கியிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வானதி படுத்திருந்தாள். "இன்னொரு மழையா?" என்றாள் வழக்கம்போல. காப்பி போட்டுக் கொடுத்தேன். கதவைத் தாழ் போட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, மேல் தாழ், கீழ்த் தாழ் இரண்டும்.

கரண்ட் போயிற்று.

எமர்ஜென்சி லைட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படத்தைக் கவிழ்த்தேன். ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்தேன். பின்பலகை வந்தது. பசை இல்லை. காகிதம் தனியாக, மெத்தென்று, நாலு பக்க ஓரமும் வெட்டுப்படாமல் கையில் வந்தது. அந்த நிமிஷம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

முதலில் முதுகைத்தான் பார்க்க வேண்டும். கையால் தேய்த்து அச்செடுத்த படமென்றால் முதுகில் வட்டவட்டமாகத் தேய்த்த தடம் இருக்கும். மையும் ஊறி வந்திருக்கும். மரங்கள் தெரிந்தன. வீடு தெரிந்தது. வரப்பின் கோடு தெரிந்தது. மழையின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது.

குடை பிடித்த ஆள் மட்டும் முதுகில் இல்லை.

அத்தனை கறுப்பு மை ஊறாமல் இருக்காது. பின்னால் யாராவது கையால் வரைந்து சேர்த்திருக்கலாம். திருப்பினேன். பூதக்கண்ணாடியை எடுத்து அந்த உருவத்தின் மேல் வைத்தேன்.

தூரிகைத் தடம் இல்லை. அச்சுக் கோடும் இல்லை. காகிதத்தின் நாருக்குள்ளிருந்தே கசிந்து வந்தது போல இருந்தது.

அந்தக் காலத்து ஜப்பான் படங்களில் குடை என்றால் எண்ணெய்க் காகிதக் குடை. மஞ்சளாக, அகலமாக இருக்கும். இது கறுப்புத் துணிக் குடை. வளைந்த பிடி. நம் ஊர்க் குடை.

கண்ணாடியைக் கொஞ்சம் கீழே நகர்த்தினேன்.

வேட்டி. மடித்துக் கட்டிய வேட்டி.

போனை எடுத்துத் தேடினேன். வெளிநாட்டு மியூசியம் ஒன்றின் பக்கத்தில் இதே படம் கிடைத்தது. அதே மரம், அதே ஜன்னல், அதே மழை. பெரிதாக்கிப் பார்த்தேன்.

வரப்பு காலி. ஆளே இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

வாசலில். சடக்…

குடையை மடக்குகிற சத்தம். பிறகு தண்ணீரை உதறுகிற சத்தம். சட்… சட்… சட்…

மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழைச் சத்தம்தான், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எமர்ஜென்சி லைட் மங்கிக்கொண்டே வந்தது.

என் முதுகுக்குப் பின்னால் வானதியின் குரல்.

"வாங்க… உள்ள வாங்க."

திரும்பினேன். வானதி படுக்கையறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. தெருக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்திருந்தது.

"யாரைக் கூப்புடுற?"

"நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு பாருங்க. பாவம்… சின்னப் பையன். உங்களத் தேடித்தான் வந்திருக்காரு போல."

வாசலில் யாரும் இல்லை. மழை மட்டும்.

"வானதி… அங்க யாரும் இல்ல."

அவள் கண் வாசலிலிருந்து மெதுவாக நகர்ந்தது. கூடத்துக்கு. மேஜைக்கு. எனக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலிக்கு.

"உக்காருங்க" என்றாள்.

நாற்காலி கிறீச்சென்றது.

அடுத்த நொடி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க…" என்றாள். காலடியில் தண்ணீர். பனிக்குடம் உடைந்துவிட்டது.

எட்டாம் மாதம்.

எனக்குப் பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. பேயாவது மண்ணாவது. இதுவும் போய்விடுமோ. அது ஒன்றுதான் மனதில் ஓடியது. கார்ச் சாவி மேஜையில், படத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன். எடுக்கும்போது கண் தானாகப் படத்தின் மேல் போயிற்று.

வயல். மழை. மஞ்சள் ஜன்னல்.

வரப்பு காலி.

வானதியை முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்தேன். வைப்பர் போதவில்லை. ரோடு தெரியவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

பீப்… பீப்…

பின் சீட்.

படம் வீட்டில் இருக்கிறது. மேஜையில்.

பீப்… பீப்… பீப்…

"நிறுத்துங்களேன் அத…" என்று அழுதாள் வானதி.

என் கை ஸ்டியரிங்கில். அவள் கை என் தொடையில். பின்னால்…

க்ளிக்.

சத்தம் நின்றது.

நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வானதியை உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் நின்று, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டு நேரம்கூடத் தாண்டியிருக்காது, அதற்குள் குழந்தை அழும் சத்தம் கேட்டது. நானும் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். ஆண் குழந்தை. வானதியும் நல்லபடி இருந்தாள். "எட்டு மாசக் கொழந்தைன்னு சொல்லவே முடியாது, அவ்ளோ நல்லா இருக்கான்" என்றார் டாக்டர். கண்ணாடிப் பெட்டியில் வைக்கக்கூடத் தேவைப்படவில்லை.

அத்தோடு என் பயமெல்லாம் போய்விட்டது. நாற்காலி கிறீச்சிட்டது மழை ஈரத்தில், தாழை நானே போடாமல் விட்டிருப்பேன், வலி வருகிற நேரத்தில் வானதிக்கு ஏதோ கண்ணில் தெரிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வராந்தா பெஞ்சிலேயே தூங்கிப்போனேன்.

காலையில் மாமியார் பிரகதீஸ்வரி பட்டுக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்தார். வந்ததும் பையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணம், சர்க்கரை எல்லாம் எடுத்தார். பிள்ளைக்குச் சேனை வைக்க. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலில் யார் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள்.

"நீங்க வேணாம் மாப்புள்ள. உங்க கோவம் ஒட்டிக்கும். நானே வைக்கிறேன்" என்று சிரித்தார்.

ராத்திரி டூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ் நூர்ஜஹான் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"அம்மா, தாய்ப்பால் தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்றோம்ல. இன்னும் எத்தனை பேரு வைப்பீங்க?"

"இப்பத்தானே வந்தேன். யாரு வச்சா?"

"ராத்திரியே வச்சாச்சு. நான் திட்டினேன்." என் பக்கம் கையைக் காட்டினார். "இவரோட தம்பி."

மாமியார் என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தம்பி கெடையாதுங்க" என்றேன்.

"அப்ப யாரு அது? இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். தலையெல்லாம் ஈரம். வேட்டி மடிச்சுக் கட்டியிருந்தாரு. குடைய மடக்கிக் கதவோரம் வச்சிருந்தாரு, அந்தத் தண்ணியில நானே வழுக்கிட்டேன். நீங்க வெளியில தூங்கிக்கிட்டிருந்தீங்க."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் பேசல. என்னத்தையோ தொட்ட விரல நீட்டுனாரு, கொழந்தை சப்பிக்கிச்சு. சிரிச்சாரு. தண்ணியத் தொடைக்கத் துணி எடுக்கத் திரும்பினேன்… ஆளக் காணோம்."

மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அதன் பிறகு அவர் அதை எடுக்கவில்லை.

நான்காம் நாள் அஸார் பாயும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அழைத்த வாயால் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்க வேண்டும். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். நாகம்மாள் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

"அம்மா, ராம்கி வந்திருக்கேன். கொழந்தை பொறந்துடுச்சு."

உள்ளிருந்து கேட்டார்.

"சேனை வச்சுட்டாரா?"

அஸார் பாய்தான், "வச்சுட்டாரும்மா" என்றார்.

"ஆம்பளப் புள்ளையா?"

"ஆமா."

உள்ளே அந்த அம்மா அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே சொன்னார். "எனக்கு வேற வழி தெரியலய்யா. என் மவ வயித்துல இப்ப புள்ள இருக்கு. இந்த வீட்டுலதான் பெத்துக்கணும்."

"அவரு சேனை வச்சா என்னம்மா ஆவும்?" என்றேன்.

"ஒண்ணும் ஆவாது. நல்லா வளரும். எங்க வீட்டுல மூணு புள்ளைங்களுக்கு வச்சாரு. என் வீட்டுக்காரரோட தம்பிக்கு. என் பெரிய கொழுந்தன் மவனுக்கு. அப்பறம் என் மவனுக்கு. மூணும் ராசா மாதிரி வளந்துச்சுங்க. ஒரு காய்ச்சல், ஒரு சளி… ஒண்ணும் கெடையாது. டாக்டர்கிட்டயே போனதில்ல."

"இப்ப அவங்க எங்க?"

"அவரு போன வயசு வந்ததும் போயிட்டாங்க. மழ பெஞ்ச நாளு. குடைய எடுத்துக்கிட்டு, சொல்லிட்டுத்தான் போனாங்க, ஒவ்வொருத்தரா. என் மவன் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனான், இன்னும் வரல."

அதற்கு மேல் எவ்வளவு தட்டியும் பயனில்லை; படத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. வானதியிடம் நான் இதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தடவை சளி பிடிக்கிறது, காதுவலி வருகிறது, ராத்திரியெல்லாம் கத்துகிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் வந்து, "உங்க புள்ளைக்கு என்னதான் குடுக்குறீங்க?" என்று வானதியைக் கேட்கிறார்கள். அவள் பெருமையாகச் சிரிக்கிறாள். நான் தினமும் ராத்திரி, அவன் தூங்கின பிறகு, நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளாவது சுடாதா என்று பார்க்கிறேன்.

என் மகனுக்கு இதுவரை ஒரு தடவைகூடக் காய்ச்சல் வந்ததில்லை.